530 நிமிஷம்: துபாயில் ஒரு மரபுச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்த கதை

2022 டிசம்பரில் அக்கா குடும்பம் துபாய்க்கு வந்தது. அடுத்த மாதமே அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். இரண்டு தடவையும் வந்தவர்களின் ஆசை ஒன்றுதான்: “உயரக் கட்டடமெல்லாம் போட்டோவுல பாத்தாச்சு, பழைய ஊர் எப்படி இருந்துச்சுன்னு காட்டு.” இரண்டு தடவையும் ஏற்பாடு என் தலையில். முதல் தடவை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் போட்டிருந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் சாயங்காலம் குசைஸ் வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே, “பஸ் ஜன்னலை நல்லா பாத்தோம்டா” என்றாள். அந்த ஒரு வரியால்தான் இதை எழுதுகிறேன்.

கிடங்கில் சரக்கு வந்த நேரம், போன நேரம் குறிப்பது என் வேலை. பழக்க தோஷத்தில் அந்த டிசம்பர் சுற்றுலாவிலும் போனில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.

டிசம்பர் பஸ்

ஆளுக்கு 95 திர்ஹம். “பாரம்பரிய துபாய், முழு நாள்” என்பது விளம்பரம். காலை 8.20க்கு வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டார்கள், சாயங்காலம் 5.10க்கு இறக்கிவிட்டார்கள். மொத்தம் 530 நிமிஷம். மற்ற ஓட்டல்களில் ஆட்களை ஏற்றி முடிக்கவே 9.45 ஆகிவிட்டது.

முதலில் ஜுமைரா மசூதி. வெளியே நின்று 15 நிமிஷம், எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். பாய்மரம் போன்ற அந்த ஓட்டலைக் கடற்கரையிலிருந்து பார்க்க 20. செயற்கைத் தீவின் முனையில் இன்னொரு 20. அப்புறம் ‘கைவினைப் பொருள் செயல்முறை விளக்கம்’ என்று ஒரு கார்பெட் கடையில் 45. சாப்பாட்டுக்கு 50. பழைய துபாய்க்கு வந்து சேரும்போது மணி மூன்று. அங்கே 25 நிமிஷம், க்ரீக் என்கிற கடற்கழியைக் கடக்க அப்ரா என்ற மரப் படகில் 10, அக்கரையான தேராவில் மசாலாக் கடைத்தெருவும் தங்கக் கடைத்தெருவும் சேர்த்து 40. அந்த 40ல் பெரும்பகுதி வழிகாட்டி கூட்டிப்போன ஒரே குங்குமப்பூக் கடையில் கழிந்தது.

பஸ்ஸுக்கு வெளியே இருந்தது மொத்தம் 225 நிமிஷம். மீதி 305, அதாவது ஐந்து மணி நேரத்துக்கு மேல், இருக்கையில். மரபு என்று சொல்லத்தக்கதை மட்டும் கூட்டினால் 90 தேறும், மசூதி வாசலில் நின்றதையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டால்.

இதைவிடக் குடைச்சலான ஒன்றைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். ‘பழைய துபாய்’ என்று அக்கா எடுத்த படங்களில் பாதி பழையது இல்லை. சுவரில் பூச்சு உதிர்ந்திருக்கிறது, மரக் கதவு வெயிலில் வெளுத்திருக்கிறது, தலைக்கு மேல் கண்டபடி ஒயர் தொங்குகிறது, பார்த்தால் நூறு வருஷத் தெரு போலத்தான் இருக்கும். அது அல் ஸீஃப், 2017ல் திறந்த கடைவீதி. பழசு போலத் தெரிய வேண்டும் என்றே கட்டியது. உண்மையான பழைய குடியிருப்பான அல் ஃபஹீதி அதை ஒட்டி, நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. பஸ் நிறுத்த அல் ஸீஃப் பக்கம் வசதி என்பதால் 25 நிமிஷத்தில் 15 அங்கேயே போய்விட்டது. புதிதாகக் கட்டியதை நான் குறை சொல்லவில்லை. சாயங்காலம் டீ குடிக்க நல்ல இடம். புதுசு என்று வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜனவரிக்கு முன் ஒரு வாரம் போன்

அப்பா அம்மா வருவதற்கு முந்தைய வாரம் நான்கு இடங்களுக்குப் பேசினேன். இரண்டு பஸ் நிறுவனங்கள், நண்பர் கொடுத்த எண்ணில் வண்டி ஓட்டும் ஒரு தமிழ்த் தம்பி, நான்காவதாக ஷேக் முகமது பண்பாட்டுப் புரிதல் மையம். அந்த மையம் 1998ல் தொடங்கியது, அல் ஃபஹீதிக்குள்ளேயே இருக்கிறது. எமிராத்தியர்களே, அதாவது இந்த மண்ணின் மக்களே பேசி, ஊரையும் வழக்கத்தையும் விளக்கி, தங்கள் சாப்பாட்டையும் போடுகிறார்கள்.

இந்தத் தடவை எத்தனை இடம் என்று யாரிடமும் கேட்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி எத்தனை நிமிஷம், அந்த நிமிஷங்களில் பேசுவது யார் என்று மட்டும் கேட்டேன். இந்த இரண்டையும் கேட்டாலே மற்றதெல்லாம் தானாக வெளியே வந்துவிடுகிறது.

முதல் பஸ்காரர், “சார், பதினாலு இடம் கவர் பண்றோம்” என்றார். அல் ஃபஹீதியில் எவ்வளவு நேரம் என்று மறுபடி கேட்டேன். “அது டிராபிக்கைப் பொறுத்து.” கடை நிறுத்தம் உண்டா? “ஷாப்பிங் இல்ல சார், டெமோ.” சரி, அது என்ன டெமோ என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது நிறுவனம் வாட்ஸ்அப்பில் வண்ணப் பட்டியல் அனுப்பியது. நான்காம் வரியில் ‘துபாய் அருங்காட்சியகம், அல் ஃபஹீதி கோட்டை’. அந்தக் கோட்டை 1787 வாக்கில் கட்டியது என்கிறார்கள், ஊரில் நிற்கும் கட்டடங்களில் மூத்தது. அருங்காட்சியகமாக 1971ல் திறந்தார்கள். ஆனால் 2021லிருந்து சீரமைப்புக்காக மூடிக் கிடந்தது. மூடிய இடத்தைப் பட்டியலில் வைத்திருப்பவர் ஒன்று பட்டியலை இரண்டு வருஷமாகத் திறந்தே பார்க்கவில்லை, இல்லையென்றால் வெளிச்சுவரைக் காட்டி ‘பார்த்தாச்சு’ என்று கணக்கு முடிப்பவர். கேட்டேன். “அவுட்சைட் வியூ சார்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு யாருடைய பட்டியல் கைக்கு வந்தாலும், முதலில் மூடிக் கிடக்கும் இடம் ஏதாவது அதில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். அவசரத்துக்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்த் தம்பி நல்ல மனிதர். அம்மாவுக்குத் தமிழிலேயே கேட்கலாம் என்ற ஆசை எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் துபாயில் சுற்றுலா வழிகாட்டிக்கு உரிமம் வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் ஆட்களைக் கூட்டிப் போய் விளக்கினால் பிடிபடுவது அவர்தான், அபராதமும் அவர் தலையில். அதோடு, “பாஸ்தகியான்னு ஏன் பேரு வந்துச்சு தம்பி?” என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். “யாரோ ஷேக் பேருண்ணே” என்றார். அல் ஃபஹீதியின் பழைய பெயர் அது. பாரசீகத்தில் பாஸ்தக் என்ற ஊரிலிருந்து வந்த வணிகர்கள் குடியேறியதால் வந்த பெயர். பாரசீகக் கரையில் லிங்கா துறைமுகத்தில் சுங்கவரியை ஏற்ற, இந்தப் பக்கம் துபாய் ஆட்சியாளர் ஷேக் மக்தூம் பின் ஹஷர் வரியைத் தள்ளுபடி செய்ய, 1900களின் தொடக்கத்தில் கடையும் குடும்பமுமாக இங்கே வந்து சேர்ந்தார்கள். துபாய் துபாயானதற்கு எண்ணெயைவிட முன்னாலேயே இருக்கிற காரணம் இது. இங்கே எண்ணெய் கண்டுபிடித்ததே 1966ல்தான். இந்தக் கதையைச் சொல்லாமல் அந்தச் சந்துகளைக் காட்டினால் அவை மண்நிறச் சுவர்கள், அவ்வளவுதான்.

கடைசியில் முடிவு இப்படி: காலையில் பண்பாட்டு மையத்தோடு நடையும் உணவும், மதியத்துக்கு மேல் நாங்களாகவே க்ரீக்கைக் கடந்து தேரா, தெம்பிருந்தால் ஷிந்தகா அருங்காட்சியகம். கிழமை சனி. வெள்ளிக்கிழமையை யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். 2022லிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறி, வெள்ளி அரை நாள் வேலை. ஜும்ஆ தொழுகை அப்போது 1.15க்கு. அதை ஒட்டிப் பழைய கடைத்தெருவில் பாதிக் கதவு சாத்திவிடும். மற்ற நாட்களிலும் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை பல கடைக்காரர்கள் தூங்கப் போய்விடுவார்கள், இது பஸ்காரர்களுக்கும் தெரியும், சொல்ல மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை

மெட்ரோவில் போனோம். காலை இதமான குளிர், அம்மா ஸ்வெட்டரும் மேலே சால்வையுமாக வந்தார். தூத்துக்குடிக்காரர்களுக்கு அதுவே ஊட்டி.

பேச வந்தவர் கந்தூரா என்கிற வெள்ளை நீள அங்கி போட்ட இளைஞர். ஆங்கிலம். அப்பாவுக்கு முக்கால்வாசி புரியும், அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிஷத்திலேயே இது சிக்கல் என்று தெரிந்துவிட்டது. அவர் நாலு வாக்கியம் பேசுவார், நான் ஒன்றாகச் சுருக்குவேன், அதற்குள் அவர் அடுத்த சந்துக்குத் திரும்பியிருப்பார்.

ஆனால் சில விஷயங்களுக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டின் பூச்சு போன பகுதியைக் காட்டி, இது கடலிலிருந்து எடுத்த கல் என்று அவர் சொல்லத் தொடங்குவதற்குள் அப்பா விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டார். “முருகைக்கல்லில்லா இது!” தூத்துக்குடியில் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தத் துளைத்துளையான கல் தெரியும். மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சுற்றி வெட்டி எடுத்துச் சுவருக்கும் சுண்ணாம்புக்கும் போட்டது. கடல் வேறு, கல் அதேதான். அப்பா என்ன சொன்னார் என்று அந்த இளைஞர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சொன்னதும் அன்றைக்கு முழுவதும் அப்பாவை ‘கேப்டன்’ என்றே கூப்பிட்டார்.

அப்புறம் உத்தரம். அறைகள் நீளமாக இருக்கின்றன, அகலம் மட்டும் குறைவு. எதனால் என்று அப்பா கேட்கச் சொன்னார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கப்பலில் வந்த அலையாத்தி மரக் கழிகள்தான் கூரைக்கு. கழி எவ்வளவு நீளமோ அறை அவ்வளவு அகலம். அப்பா உடனே செருப்பைக் கழற்றிவிட்டு அடிமேல் அடி வைத்து அளந்தார். பதினோரு அடி வந்தது. டிசம்பரில் நானும் இதே தெருவுக்குள் கால் வைத்தவன், ஒரு அறைக்குள்ளும் போகவில்லை.

பர்ஜீல் என்கிற காற்றுக் கோபுரத்தின் அடியில் எங்களை நிற்க வைத்தார். வெளியில் காற்றே இல்லை. கோபுரத்துக்கு நாலு பக்கமும் வாய், நடுவில் பெருக்கல் குறி போலச் சுவர். காற்று வீசும் பக்கம் உள்ளே இறங்கும், எதிர்ப்பக்கம் வழியாகச் சூடு மேலே போகும். ஜனவரியில் இதன் அருமை தெரியாதுதான். ஆனால் அப்பாவின் வேட்டி நுனி லேசாக அசைந்ததை அம்மா பார்த்துவிட்டு, “ஃபேன் இல்லாமயே ஆடுதே” என்றார்.

இந்த வீடுகள் நிற்பதே தப்பிப் பிழைத்த கதை. 1980களில் ஆட்சியாளர் அலுவலகத்துக்காக ஒரு பகுதியை இடித்தார்கள், மீதியையும் இடிப்பதாக இருந்தது. ரெய்னர் ஓட்டர் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் இங்கே ஒரு வீட்டைச் செப்பனிட்டுக் குடியிருந்தார். இடிக்கக் கூடாது என்று எழுதிக் கேட்டார், 1989ல் வந்த இளவரசர் சார்ல்ஸும் இந்தத் தெருக்களைப் பார்த்துவிட்டுக் காப்பாற்றச் சொன்னார். பிறகு பெரும்பகுதியைச் செப்பனிட்டுக் கட்டினார்கள். எந்தச் சுவர் பழையது, எது புதிதாக எழுப்பியது என்று இளைஞர் ஒளிக்காமல் காட்டினார். ஊர் மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு, 1800 வாக்கில் கட்டியது, குட்டையாக ஒரு மூலையில் நிற்கிறது. அதன் பக்கத்தில் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

முத்துக்குளிப்பு பற்றிப் பேச்சு வந்தபோது அப்பா மாணவராக இல்லை. கோடை நாலு மாதம் கடலிலேயே இருப்பார்கள், குளிப்பவர் ஒருவர், கயிறு இழுப்பவர் ஒருவர், மூக்கில் ஆமை ஓட்டில் செய்த கவ்வி, படகுத் தலைவர் ‘நகுதா’ என்று இளைஞர் சொல்லிக்கொண்டு போனார். ‘நகுதா’ என்றதும் அப்பா கையைத் தூக்கிவிட்டார். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் கப்பல் தலைவனை நகுதா என்றுதான் சொல்வார்கள். பாரசீகச் சொல் கடல்வழியாக இரண்டு கரைக்கும் போயிருக்கிறது. அப்பா இன்னொன்றும் சொன்னார், இளைஞருக்கு அது புதிது: வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாட்கள் 1900களின் தொடக்கத்தில் இலங்கை முத்துக்குளிப்புக்குக் கப்பலேறி வந்திருக்கிறார்கள், மன்னார்க் கடலில் நம் ஆட்களோடு சேர்ந்தே குளித்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961ல். இங்கே அதற்கு முன்பே ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929ன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து தொழிலைப் படுக்க வைத்துவிட்டன.

இந்த அரைமணி நேரத்தை எந்தப் பட்டியலும் எனக்கு முன்கூட்டிக் காட்டியிருக்க முடியாது. கேள்வி கேட்க இடம் விட்டு ஒருவர் பேசினார், அதனால் நடந்தது. பஸ்ஸில் மைக்கைப் பிடித்துப் பேசுபவரிடம் எழுந்து நின்று ‘நகுதாவா’ என்று கேட்க முடியுமா?

முட்டையும் முழங்காலும்

இனி நான் கோட்டைவிட்ட இடம். அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஆழ்வார்திருநகரிப் பக்கம். சனிக்கிழமை கவுச்சி கிடையாது, பெருமாளுக்கு. நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். நிமிஷக் கணக்கு, கடைக் கணக்கு எல்லாம் கேட்டவன் இதை மட்டும் மறந்தேன்.

தரையில் விரிப்பு, நடுவில் பெரிய தட்டுகள். பலாலீத் என்றார்கள். ஏலக்காய், குங்குமப்பூ மணக்கும் இனிப்புச் சேமியா, அதன் மேல் மடித்த ஆம்லெட். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என் காதருகில், “ஏய்யா, சேமியா கேசரி மேல எதுக்கு முட்டைய வச்சிருக்கான்?” என்றார். சொன்னதும் முட்டை படாத சேமியாவைத் தனியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூடவே லுகைமாத், நம் ஊர் சீயம் அளவில் பொரித்த மாவு உருண்டை, மேலே பேரீச்சம் பாகு. அது நாலு உள்ளே போனது. முந்தின நாளே சொல்லியிருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. ஒரு போன் பேச்சு.

தரையில் உட்காரவும் அம்மாவால் முடியவில்லை, முழங்கால். நாற்காலி கேட்டதும் வந்தது. எல்லாரும் கீழே வட்டமாக இருக்க, தான் மட்டும் உயரத்தில் இருப்பது அம்மாவுக்குக் கூச்சம். பத்து நிமிஷம் சுவரோரமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். வயதானவர்களோடு போகிறவர்கள் நடக்கும் தூரத்தைக் கேட்கிறார்கள், உட்காரும் விதத்தைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

காப்பி இன்னொரு கூத்து. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம், அடியில் கொஞ்சமாக ஊற்றுவார்கள், பாலில்லை, சர்க்கரையில்லை. போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். நான் மொழிபெயர்க்கத் தவறிய வாக்கியங்களில் இதுவும் ஒன்று. அம்மா மரியாதைக்குக் கிண்ணத்தைக் காலிசெய்து நீட்ட, அவர்கள் மரியாதைக்கு மறுபடி ஊற்ற, மூன்று சுற்று ஆனது. நாலாவதில் என்னைப் பார்த்து முறைத்தார்.

எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுல எவ்வளவு போடணும்?” சங்கடத்தோடு மொழிபெயர்த்தேன். பெண் வீட்டார் போட வேண்டியதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்றார் அந்த இளைஞர். செலவு தாங்காமல் பையன்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதைப் பார்த்து 1992ல் அரசு திருமண நிதி ஒன்று வைத்தது, எமிராத்திப் பெண்ணைக் கட்டும் எமிராத்திப் பையனுக்கு 70,000 திர்ஹம் உதவி. அம்மா சேமியாவை மறந்துவிட்டு நிமிர்ந்தார். மூன்று பெண்களுக்குப் போட்டுக் கட்டிக்கொடுத்தவர். அன்றைக்கு இரவு ஊருக்குப் போன் பேசி முதலில் சொன்ன செய்தி இதுதான், காற்றுக் கோபுரம் அல்ல.

பட்டியலில் இல்லாத இடம்

மதியம் துணிக்கடைத் தெரு வழியாக நடந்து படகுத்துறை. அப்ரா கட்டணம் ஆளுக்கு ஒரு திர்ஹம், மூன்று பேருக்கு மூன்று. நடுவில் இயந்திரப் பெட்டி, அதைச் சுற்றி முதுகோடு முதுகாக உட்காரும் பலகை. பக்கவாட்டில் தடுப்பு கிடையாது. அம்மா கால் வைத்ததும் படகு ஆடியது, படகுக்காரர் பேசாமல் கையை நீட்டினார். இந்த ஒரு அடிக்குப் பயந்து பலர் பெரியவர்களைக் கூட்டிவருவதில்லை. தண்ணீர் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து ஏறினால் போதும்.

தேராவில் இறங்கி மசாலாத் தெருவுக்குத் திரும்ப வேண்டியவர்கள், அப்பா நேராகக் கரையோரமாக நடக்கத் தொடங்கிவிட்டார். அங்கே வரிசையாக மரக்கப்பல்கள், இங்கே இருப்பவர்கள் வாயில் ‘லாஞ்ச்’. ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகிறவை. கரையில் பெட்டி பெட்டியாகப் பிரிட்ஜ், டயர், மைதா மூட்டை, நெகிழி நாற்காலி. காவலுக்கு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்பா முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடியில் ஒரு தோணி ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், ஓடு, சிமெண்ட் ஏற்றிய தோணிகள். “ஏல, இது நம்ம தோணில்லா!” என்று நின்றவர் நகரவே இல்லை. டயரை அடியில் போட்டு மைதாவை மேலே அடுக்கியிருப்பது சரியா தப்பா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். மேல்தளத்தில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவர் கட்ச் மாண்டவிக்காரர். அப்பாவின் இந்திக்கும் அவருடைய இந்திக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எத்தனை டன், எத்தனை நாள் ஓட்டம், எஞ்சின் எங்கே வாங்கியது என்பதெல்லாம் பேசி முடித்தார்கள்.

இந்த க்ரீக் ஒரு காலத்தில் மணல் மூடிப் படகு தட்டும் நிலைக்கு வந்தது. ஷேக் ராஷித் குவைத்திடம் கடன் வாங்கி 1959ல் தூர்வாரத் தொடங்கினார், எண்ணெய்க் காசு வருவதற்குப் பத்து வருஷம் முன்னால். அதே 1959ல்தான் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டு அடித்தது. அதுவரை இங்கே சாதாரண இந்திய ரூபாயே புழக்கத்தில் இருந்தது. 1966 ஜூன் 6ல் இந்தியா ரூபாய் மதிப்பைக் குறைத்ததும் இவர்கள் கைகழுவினார்கள். இதைச் சொன்னபோது அப்பா, “அப்ப இங்க நம்ம நோட்டக் குடுத்தா டீ கிடைச்சிருக்கும்” என்றார். கிடைத்திருக்கும்.

கரையில் இருந்தது 70 நிமிஷம். ஷிந்தகா அருங்காட்சியகம் அன்றைக்கு விட்டுப்போனது. அம்மா ஒரு திண்டில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார், இனிமேல் நடக்கச் சொன்னால் மெட்ரோவில் தனியாகப் போய்விடுவேன் என்றார். இரண்டு நாள் கழித்து அப்பாவும் நானும் மட்டும் போய்வந்தோம்.

கணக்கு

காலை 8.30க்குக் கிளம்பி 4.30க்கு வீடு, 480 நிமிஷம். மெட்ரோ போக வர 100. மீதி 380ம் பழைய துபாயில். டிசம்பரின் 90க்குப் பக்கத்தில் இதை வைத்து நான் பெருமைப்படுவேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பெருமைதான். ஆனால் அம்மாவின் பங்கைத் தனியாகக் கணக்குப் போட்டால் பேச்சில் பாதி அவருக்குப் போய்ச் சேரவில்லை, அதற்கு மையத்தையோ மொழியையோ குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள் இரவு நானே உட்கார்ந்து ஊரின் கதையைத் தமிழில் சொல்லியிருக்கலாம். பாஸ்தக், முத்து, தூர்வாருதல், மூன்றே விஷயம், அரைமணி நேரம் போதும். அப்படிச் செய்திருந்தால் சந்துகளில் மொழிபெயர்த்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்க வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தத் திட்டம் செல்லாது, வெயிலில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. அப்போது வருகிறவர்களுக்கு அருங்காட்சியகமும் ஜுமைரா மசூதிக்குள் கூட்டிப்போகும் நிகழ்ச்சியும் போதும். மசூதியிலும் விளக்கம் சொல்வது இதே மையத்தார்தான், வெள்ளி தவிர மற்ற நாட்களில். டிசம்பரில் நாங்கள் வெளியே நின்று படம் எடுத்த அதே மசூதி. ரமலானில் நேரமெல்லாம் மாறும், கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

இதையெல்லாம் எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். அடுத்த டிசம்பரில் மறுபடி வருவதாக இருந்தார்கள். “தோணிக் கரைக்குக் கூட்டிட்டுப் போ” என்று அவள் பதில் போட்டாள். கீழேயே அத்தானிடமிருந்து ஒரு படம் வந்தது, பாளையங்கோட்டை வீட்டு ஹாலில் விரித்த கார்பெட். “தொவைச்சும் சாயம் போகலை மாப்ள. அந்த பஸ் நம்பர் இருக்கா? பக்கத்து வீட்டுக்காரங்க வராங்களாம்.”

நம்பரை அனுப்பினேன்.